தீர்மானம் போட்டாச்சு, வேலை ஏன் நடக்கல?

அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பெற்றோரும் தலைமை ஆசிரியர்களும் ஏறக்குறைய சம அளவில் எழுதியிருக்கிறார்கள். ஒரே கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போலத் தோன்றும் கடிதங்களும் உண்டு. ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.

நான் எஸ்.எம்.சி. பெற்றோர் உறுப்பினர். தொடர்ந்து நான்கு கூட்டங்களில் 'பெண் பிள்ளைகளின் கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும்' என்று தீர்மானம் போட்டோம். எல்லோரும் கையெழுத்தும் போட்டாயிற்று. தண்ணீர் வரவில்லை, கழிவுநீர்த் தொட்டி நிரம்பிக் கிடக்கிறது, கதவு இன்னும் சணல் கயிற்றில்தான் நிற்கிறது. தீர்மானத்துக்கு என்னதான் மரியாதை?
(அரூர்)

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். யார் சரிசெய்ய வேண்டும், எந்தப் பணத்தில், எத்தனை நாளுக்குள் என்று எதுவும் அதில் இல்லை. அது ஒரு ஆசை. தலைமை ஆசிரியர் அதை எந்த மேசைக்கு அனுப்புவார்?

பள்ளிக்கூட வேலைகள் நான்கு மேசைகளில் முடிகின்றன. முதலாவது தலைமை ஆசிரியரின் மேசை. பூட்டுச் சாவி யாரிடம், காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது யார், இடைவேளை மணி எப்போது என்பதெல்லாம் இங்கேயே முடியும், காசு வேண்டாம். இரண்டாவது குழுவின் கையில் உள்ள மானியம். தாழ்ப்பாள், கீல், குழாய், சுண்ணாம்பு போன்ற சில்லறை வேலைகள் அதில் அடங்கும். மூன்றாவது உள்ளாட்சி. தண்ணீர் இணைப்பும் தூய்மைப் பணியாளரும் ஊராட்சி வழியாக வர வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் கட்டடமே ஒன்றியத்தின் சொத்து, எனவே பெரிய பழுதுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் முகவரி. நான்காவது கல்வித் துறை. ஆசிரியர் பணியிடம், புது வகுப்பறை போன்றவை வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று ஏறிப்போக வேண்டியவை.

உங்கள் கழிப்பறையில் கதவு மானியத்தின் மேசை, தண்ணீர் ஊராட்சியின் மேசை, நிரம்பிய கழிவுநீர்த் தொட்டி ஒன்றியத்தின் மேசை. நான்கு கூட்டமாக மூன்றையும் ஒரே வரியில் கட்டிவைத்திருக்கிறீர்கள். பிரித்து எழுதுங்கள். கதவுக்கான தீர்மானம் இப்படி இருக்கலாம்:

"பெண்கள் கழிப்பறையின் இரண்டு கதவுகளுக்கும் சேர்த்துக் கீல் 6, உள்தாழ்ப்பாள் 2 மாற்றவும், அடிப்பக்கம் அரித்த கதவுக்குத் தகடு அடிக்கவும், ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தின் தூய்மைப் பங்கிலிருந்து ரூ.2,400-க்கு மிகாமல் செலவு செய்யத் தலைமை ஆசிரியருக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது. மூன்று விலைப்புள்ளி பெற்று, இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். முடிந்த வேலையை உறுப்பினர்கள் இருவர் நேரில் பார்த்துக் கையொப்பமிடுவார்கள்."

தண்ணீருக்குத் தனித் தீர்மானம். அதன் நகலோடு ஊராட்சிக்குக் கடிதம் கொடுத்து, அலுவலக நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு முத்திரை வாங்குங்கள். தொட்டிக்கும் அப்படியே, முகவரி மட்டும் ஒன்றிய அலுவலகம். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

அடுத்த கூட்டத்தில் முதல் பொருள் 'முந்தைய தீர்மானங்களின் மீது எடுத்த நடவடிக்கை' என்று இருக்கட்டும். பல பள்ளிகளில் இந்த ஒரு வரி அஜெண்டாவிலேயே இருப்பதில்லை. அது இல்லாததால்தான் ஒரே தீர்மானத்தை நான்கு முறை போட நேர்கிறது.

நான் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். எங்கள் குழு மூன்று தீர்மானங்கள் போட்டிருக்கிறது. ஒன்று: பிள்ளைக்கு 200 ரூபாய் வசூலித்துக் காவலாளி வைப்பது. இரண்டு: மாலை 6 மணி வரை எல்லா ஆசிரியரும் இருந்து வகுப்பெடுப்பது. மூன்று: ஒழுங்கீனம் செய்யும் மாணவரை ஆசிரியர் அடிக்கலாம், பெற்றோர் கேட்க மாட்டோம். நான் இவற்றுக்குக் கட்டுப்பட்டவனா?
(திருவாடானை)

மூன்றுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. மூன்றாவதை நிறைவேற்றினால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, குழுவுக்கு என்ன வேலை என்று சொல்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசோ உள்ளாட்சியோ வேறு எவரோ தந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. இவற்றோடு விதிகளில் சொல்லப்பட்ட பிற பணிகள். சட்டத்தை மாற்றி எழுதும் அதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை.

200 ரூபாய் விஷயம்: எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம் என்று சட்டம் சொல்லும்போது, பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வசூலித்தால் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் கட்டணம்தான். விரும்பியவர் நன்கொடை தரலாம், ரசீது கொடுக்க வேண்டும், தராதவர் பிள்ளைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. வகுப்பில் பெயர் வாசித்து 'நீ இன்னும் கொடுக்கல' என்று கேட்ட நிமிடமே அது நன்கொடை இல்லை.

6 மணி வகுப்பு: சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல். 1 முதல் 5 வரை 200 நாள், 800 மணி நேரம். ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், அதில் பாடம் தயாரிக்கும் நேரமும் சேர்த்தி. பணி நேரத்தைத் துறைதான் நிர்ணயிக்கும். மாலையில் விருப்பமுள்ள ஆசிரியர்களோ ஊர்ப் பட்டதாரிகளோ வந்து சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று குழு தீர்மானித்தால் அது வேறு. அதை வரவேற்கலாம்.

மூன்றாவது பழைய பழக்கத்தின் வாடை. 'கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்' என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிப்படி நடவடிக்கை உண்டு. பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதம் விசாரணையில் செல்லாது.

என்ன செய்யலாம்? பக்கத்தைக் கிழிக்காதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். தீர்மானத்துக்குக் கீழே, 'பிரிவு 17-க்கு முரணாக உள்ளதால் நடைமுறைப்படுத்த இயலாது எனத் தலைமை ஆசிரியர் தெரிவித்தார்' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள். அதோடு இன்னொரு காரியம்: அவர்கள் இந்த மூன்றையும் ஏன் கேட்டார்கள் என்று பாருங்கள். இரவில் பள்ளிக்குள் யாரோ நுழைகிறார்கள், பிள்ளைகள் வாசிக்கத் திணறுகிறார்கள், வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. மூன்றுமே கண்காணிக்கும் குழு சொல்ல வேண்டிய விஷயம்தான். சொன்ன மருந்துதான் தப்பு.

என் மனைவி குழுத் தலைவர். கூட்டத்துக்கு நான் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். தவறா?
(மணப்பாறை)

தவறு. பெற்றோர் தேர்ந்தெடுத்த தலைவர் அவர், நீங்கள் அல்ல. அவர் பெயரில் நீங்கள் போடும் கையெழுத்துக்குத் தணிக்கையில் வேறு பெயர். கூட்ட நேரம் அவருக்கு ஒத்துவரவில்லை என்றால் நேரத்தை மாற்றக் கேளுங்கள். நூறு நாள் வேலை முடிந்து வருபவர்கள் அதிகமுள்ள ஊரில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவது கணவர்கள்தான்.

குழுவில் எத்தனை பேர், யார் யார் இருக்க வேண்டும்?
(குளித்தலை)

தமிழ்நாட்டில் 2024 மறுகட்டமைப்பின்படி 24 பேர். சட்டப்படி குறைந்தது முக்கால் பங்கு, அதாவது 18 பேர், பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதி பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எந்த விகிதத்தில் படிக்கிறார்களோ அந்த விகிதத்தில் அவர்களின் பெற்றோருக்கும் இடம். மீதியில் தலைமை ஆசிரியர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி, முன்னாள் மாணவர்கள். பதவிக் காலம் இரண்டு ஆண்டு.

மானியம் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் 'வந்தாத்தான் தெரியும்' என்கிறார் தலைமை ஆசிரியர். கணக்கே கிடையாதா?
(சங்கரன்கோவில்)

கணக்கு உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிமுறைப்படி, ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. விளையாட்டுப் பொருள்களுக்குத் தனியாகத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை.

எல்லைக் கோட்டில் இருக்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டும். 100 பிள்ளைகள் என்றால் 25,000, 101 என்றால் 50,000. இந்த எண்ணிக்கை யூடைஸ் என்ற பள்ளி விவரத் தரவுத்தளத்தின் பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. சேர்ந்த பிள்ளையின் பெயரைப் பதிவேற்றாமல் விட்டால் ஒரு பெயருக்குப் பாதி மானியம் போய்விடும்.

'வந்தாத்தான் தெரியும்' என்பதிலும் உண்மை இருக்கிறது. இவை விதிமுறை சொல்லும் அளவுகள். மத்திய, மாநிலப் பங்கு எப்போது விடுவிக்கப்படும் என்பது தலைமை ஆசிரியர் கையில் இல்லை. பணமும் முன்புபோல் பள்ளிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. செலவு வரம்பு மட்டும் திரையில் தெரியும், பில்லை ஏற்றினால் கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போகும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு திரும்பிவிடும். அதனால்தான் மார்ச் கடைசி வாரத்தில் தேவையில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகளும் பூந்தொட்டிகளும் பள்ளிக்கு வந்திறங்குகின்றன. அக்டோபரிலேயே, 'வரம்பு வந்தால் முதலில் இது, அடுத்து அது' என்று வரிசை போட்டு, விலைப்புள்ளியோடு தீர்மானம் வைத்துக்கொண்டால் இந்த ஓட்டம் இருக்காது.

குழு பார்க்க வேண்டியவை மூன்று: ரொக்கப் பதிவேடு, வவுச்சர், இருப்புப் பதிவேடு. மூன்றையும் அருகருகே விரித்து வையுங்கள். வவுச்சரில் மின்விசிறி 4 என்றிருந்தால் இருப்புப் பதிவேட்டிலும் 4, வகுப்பறையில் அண்ணாந்து பார்த்தாலும் 4 இருக்க வேண்டும்.

'ஆசிரியர் வேண்டும்' என்று ஆண்டுதோறும் வளர்ச்சித் திட்டத்தில் எழுதுகிறோம். வருவதில்லை.
(செய்யாறு)

எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்ட அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால் ஐவரோடு ஒரு தலைமை ஆசிரியர். எனவே 'மாணவர் 94, அட்டவணைப்படி 4, பணியில் 3, பற்றாக்குறை 1' என்று எழுதுங்கள். முதலில் சொன்னது கோரிக்கை, இது சட்டப்படியான நிலுவை.

காலமும் முக்கியம். தமிழ்நாட்டில் பணியாளர் நிர்ணயம் (எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு) ஆகஸ்ட் 1 நிலவர மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. செப்டம்பரில் சேர்ந்த பிள்ளையைக் காட்டி அந்த ஆண்டு இடம் கேட்க முடியாது. வளர்ச்சித் திட்டம் மூன்றாண்டுக்கானது, ஆண்டுவாரியாகப் பிரித்து, நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே தயாராக வேண்டும். டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் இது பிப்ரவரியில், போன ஆண்டுத் தாளில் தேதி மட்டும் திருத்தித் தயாராகிறது. நிறைவேறிய கோரிக்கையும் அதில் அப்படியே இருக்கும். மேலே படிப்பவர் சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்.

குழு மூலம் தற்காலிக ஆசிரியரை நியமிக்கலாமே?
(செய்யாற்றிலிருந்தே இன்னொருவர்)

அரசு உத்தரவிட்டால் மட்டும். 2022-ல் 13,331 காலியிடங்களைக் குழு வழியாக நிரப்ப அனுமதித்தபோது, தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று அரசே நிர்ணயித்தது. தகுதியையும் அரசே சொன்னது. நியமன முறை நீதிமன்றம் வரை போனது. தேர்வில் உங்கள் உறவினர் இருந்தால் அந்தப் பொருள் முடியும்வரை எழுந்து வெளியே போய்விடுங்கள், போனதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சட்டசபையில் அமைச்சர் ஒரு திட்டத்தை அறிவித்துவிட்டார். தலைமை ஆசிரியரோ 'எனக்கு ஆர்டர் வரல' என்கிறார். யார் சொல்வது உண்மை?
(பரமக்குடி)

பெரும்பாலும் இருவரும் சொல்வது உண்மை. அறிவிப்புக்கும் பள்ளிக்கும் நடுவே நீண்ட பாதை இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரவையில் அறிவிப்பு 2022 மே 7. அரசாணை ஜூலை 27. மதுரையில் தொடக்கம் செப்டம்பர் 15, அதுவும் முதல் கட்டமாக 1,545 பள்ளிகளில் மட்டும். எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது 2023 ஆகஸ்ட் 25. அரசு முழு மனதோடு முடுக்கிய திட்டத்துக்கே இவ்வளவு காலம். மே 8-ஆம் தேதி தலைமை ஆசிரியரிடம் 'டிபன் எங்கே?' என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

அரசாணை வந்தபின் இயக்குநரின் 'செயல்முறைகள்' என்ற உத்தரவுத் தாள் வரும். அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு பள்ளி. ஒவ்வொரு படியிலும் ஒரு புதுத் தாள் சேரும். அதைப் படிக்க ஒரு வழி: 'பொருள்' என்பதை விட்டு 'பார்வை' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே எந்த அரசாணை, எந்த நாள் என்று இருக்கும். பிறகு கடைசிப் பத்திக்குத் தாவுங்கள். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்து அறிக்கை தர வேண்டும் என்பது அங்கேதான். நடுவில் உள்ளது பெரும்பாலும் மேலிருந்து வந்ததன் மறுபதிப்பு.

இடையில் கெடுவது எங்கே? இப்போதெல்லாம் செயல்முறைகள் தபாலில் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'மிக மிக அவசரம், இன்று மாலை 3 மணிக்குள்' என்ற வரியோடு ஒரு எக்செல் படிவம் மட்டும் வரும். உத்தரவு எங்கோ தங்கிவிடும். தலைமை ஆசிரியர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுவார், திட்டம் எதற்கென்று தெரியாமலே. எனவே அவர் 'ஆர்டர் வரல' என்றால் சண்டை போடாதீர்கள். அரசாணை எண்ணையும் நாளையும் தேடி எடுத்துக் கொடுங்கள், அதைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் தெளிவுரை கேட்கத் தீர்மானம் போடுங்கள்.

தனியார் பள்ளியில் இப்படிக் குழு உண்டா?
(தாம்பரம்)

அரசு உதவி பெறாத பள்ளிகளுக்குப் பிரிவு 21 பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளுக்குப் பொருந்தும். உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளில் மேலாண்மைக் குழு உண்டு. 21 பேருக்கு மிகாத அதில் பெற்றோர் இருவர். முடிவு அறக்கட்டளையின் கையில் இருக்கும். ஆனாலும் அந்த இருவர் யார் என்று பள்ளியில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதுவும் ஒரு தகவல்தான்.

தீர்மானப் பதிவேட்டைப் பார்க்கவே விடுவதில்லை. நான் உறுப்பினர். எங்கே போவது?
(ஊர் போட வேண்டாம் என்கிறார்)

முதலில் எழுத்தில் கேளுங்கள். தலைவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் ஒரே கடிதம், ஒப்புகையோடு. பாதிப் பேருக்கு இங்கேயே கதவு திறந்துவிடும்.

திறக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. முகவரி மாறிப்போனாலும் 5 நாளில் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 'பள்ளியின் எல்லா விவரமும் தருக' என்று கேட்காதீர்கள், சுற்றிவிடுவார்கள். 'இந்த ஜூன் முதல் நவம்பர் வரை நடந்த கூட்டங்களின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்கள், அதே காலத்து மானியச் செலவு வவுச்சர்கள், இவற்றின் நகல்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இன்னொரு இடமும் உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32-ன்படி பிள்ளையின் கல்வி உரிமை பற்றிய புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உள்ளாட்சியின் பதவிக் காலம் முடிந்த ஊரில் தனி அலுவலரிடம் கொடுங்கள். மே 1-ஐத் தவிருங்கள், பள்ளி விடுமுறையில் தலைமை ஆசிரியர் ஊரில் இருக்க மாட்டார். ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றப் பள்ளிக்கு வந்தவர்களே சபைக்கும் வருவார்கள், பதில் சொல்ல வேண்டியவரும் அங்கேதான் நிற்பார்.